கோல்டு ஃபில்டு நகை: தினமும் போட்டுக்கொள்ள வாங்கலாமா?

ஆறு வருடத்துக்கு முன் நியூ ஜெர்சியிலிருந்து வந்த அக்கா, என் கழுத்தில் ஒரு சங்கிலியைப் போட்டுவிட்டாள். "குளிக்கும்போதுகூடக் கழற்ற வேண்டாம், கறுக்காது" என்றாள். விலை 60 டாலராம். மறுநாள் எதிர்வீட்டு மாமி கிட்டே வந்து, சங்கிலியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, "தங்கமா, கவரிங்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டேன், "கோல்டு ஃபில்டு" என்றாள். "அப்படின்னா தங்கமா, கவரிங்கா?" என்று மாமி மறுபடியும் கேட்டார்.

நியாயமான கேள்விதான். இரண்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்பதுதான் பதில். அந்த நடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால் ஒன்று ஏமாறுவோம், இல்லையென்றால் நல்ல பொருளைத் தப்பான இடத்தில் போட்டுக் கெடுப்போம். இப்போது இந்தச் சரக்கு நம் ஊரிலும் ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறது. முதல்முறை வாங்கப் போகிறவர்கள் என்ன வரிசையில் யோசித்தால் நல்லது என்பதை, நான் போட்டுப் பார்த்ததையும் எங்கள் தெருப் பத்தர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது?

பெயர்தான் முதல் குழப்பம். 'ஃபில்டு' என்றால் தங்கத்தை உள்ளே நிரப்பியிருப்பார்கள் என்று தோன்றும். உள்ளே இருப்பது பித்தளை, தங்கம் வெளியே. பித்தளைக் கட்டியின் மேல் தங்கத் தகட்டை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாகப் பிடிக்க வைத்து, அப்புறம் அதை உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாகவோ கம்பியாகவோ இழுக்கிறார்கள். அந்தக் கம்பியில்தான் நகை செய்கிறார்கள்.

நம் கவரிங் நேர் எதிர். சிதம்பரத்துக் கவரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் செம்பிலோ பித்தளையிலோ நகையை முழுதாகச் செய்துவிட்டு, கடைசியில் முலாம் தொட்டியில் மின்சாரம் செலுத்தித் தங்கத்தை ஏற்றுகிறார்கள். வேலைப்பாட்டில் கவரிங்கை அடிக்க முடியாது. ஆனால் முலாம் மிக மெல்லியது, தேய்ந்தால் சீக்கிரம் அடி தெரிந்துவிடும். 'ஒன் கிராம் கோல்டு', 'மைக்ரோ பிளேட்டிங்' என்று கடையில் சொல்வதும் பெரும்பாலும் இந்த முலாம் குடும்பம்தான். ஒன் கிராம் என்பதால் நகைக்குள் ஒரு கிராம் தங்கம் இருக்கிறது என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

கோல்டு ஃபில்டுக்கு அளவு உண்டு. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு அமைப்பின் வழிகாட்டுதல்படி, அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்காவது, அதாவது 5 சதவீதம், தங்கக் கலவையாக இருக்க வேண்டும். அந்தக் கலவை 10 கேரட்டுக்குக் குறையக் கூடாது. பெரும்பாலும் 14 கேரட் போடுகிறார்கள், சிலர் 12. புதிதாக வந்த சரக்கும் இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க பாக்கெட் கடிகாரங்களின் கூடு பலவும் கோல்டு ஃபில்டுதான். 20 வருடம், 25 வருடம் உத்தரவாதம் என்று கூட்டின் உள்பக்கம் குத்தியிருப்பார்கள். பிரிட்டனில் இதே வகையை 'ரோல்டு கோல்டு' என்பார்கள். நம் பாட்டிமார் வாயில் அந்தச் சொல் வேறு அர்த்தத்தில் புழங்கியது. தங்கம்போல மின்னும் எதுவும் அவர்களுக்கு ரோல்டு கோல்டுதான்.

அடுத்து, முத்திரையைப் படியுங்கள்

வாங்கும் முன் கொக்கியையும் அதன் பக்கத்தில் தொங்கும் சின்னத் தகட்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். போன் கேமராவைப் பெரிதாக்கினாலும் போதும். 1/20, பிறகு 14கே, பிறகு ஜி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் கோல்டு ஃபில்டு. 14/20 ஜிஎஃப் என்றாலும் அதுவே. ஆர்ஜிபி (ரோல்டு கோல்டு பிளேட்) என்று இருந்து முன்னால் 1/40 என்று போட்டிருந்தால் தங்கம் அதில் பாதிதான். ஜிபி, ஜிஇபி, எச்ஜிஇ என்றால் வெறும் முலாம். 925 என்று இருந்து பொன்னிறமாக இருந்தால் வெள்ளிக்கு மேல் முலாம். 14கே என்று மட்டும் இருந்து வேறு எழுத்து எதுவும் இல்லையென்றால், அது முழுத் தங்கம் என்று சொல்லிக்கொள்கிறது.

சொல்லிக்கொள்கிறது என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரும் ஹால்மார்க் முழுத் தங்க நகைக்குத்தான், முலாமுக்கோ ஃபில்டுக்கோ கிடையாது. ஹால்மார்க் நகையில் குத்தியிருக்கும், நகைக்கு நகை வேறுபடும் ஆறு எழுத்து எச்யுஐடி எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கிற வசதி இங்கே உதவாது. ஜிஎஃப் என்ற முத்திரை விற்பவரின் வாய்ச்சொல்தான், உலோகத்தில் குத்தியிருக்கிறது, அவ்வளவே. இன்னொரு தந்திரமும் உண்டு. கொக்கி மட்டும் அசல் ஃபில்டாக இருக்கும், முத்திரையும் அதில்தான் இருக்கும், சங்கிலி வெறும் முலாமாக இருக்கும். நான் ஒருமுறை ஆன்லைனில் வாங்கிய தோடு இப்படித்தான் வந்தது. மாட்டும் கம்பி இரண்டு வருடமாகப் பளபளக்கிறது. கீழே தொங்கும் பூ மூன்றே மாதத்தில் பித்தளையாகிவிட்டது. ஆகவே, "சங்கிலி, கொக்கி, வளையம், தொங்கல் எல்லாமே ஃபில்டா?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள்.

கம்பியின் கனம்: இதை யாரும் சொல்வதில்லை

விளம்பரங்களில் "முலாமைவிட நூறு மடங்கு தங்கம்" என்று ஒரு வரி வரும். எந்த முலாமோடு ஒப்பிட்டு என்று சொல்ல மாட்டார்கள். நாமே கணக்குப் போட்டுவிடலாம்.

5 சதவீதம் என்பது எடையில். ஆகவே கம்பி மெலிந்தால் தங்கத் தோலும் மெலியும். 14 கேரட் தங்கத்தின் அடர்த்தி சுமார் 13, பித்தளை சுமார் 8.5. இந்த எண்களை வைத்துப் பார்த்தால், 2 மி.மீ. கனமுள்ள கம்பியில் தங்கத் தோல் ஏறக்குறைய 17 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும். 1 மி.மீ. கம்பியில் 8 மைக்ரான். அரை மி.மீ. கம்பியில் 4 தான். நூல் மாதிரி இருக்கிற சங்கிலிகளில் கண்ணிகளின் கம்பி அரை மி.மீ.கூட இருக்காது. அமெரிக்கக் கணக்கில் சாதாரண மின்முலாமுக்குக் குறைந்தபட்சம் 0.175 மைக்ரான், கனமான முலாமுக்கு 2.5. ஆக, மெல்லிய ஃபில்டு சங்கிலி சாதாரண முலாமைவிட இருபது மடங்குக்கு மேல் கனம்தான். ஆனால் கனமான நல்ல முலாமைவிட ஒன்றரை மடங்குதான் அதிகம். நூறு மடங்கெல்லாம் தடித்த வளையத்தையும் மட்டமான முலாமையும் பக்கத்தில் வைத்தால் வருகிற எண்.

தினசரிக்கு என்றால் கொஞ்சம் தடித்த கம்பியாகப் பார்த்து எடுங்கள். ஒரே டிசைனில் இரண்டு கனம் இருந்தால், விலை கூடுதலாக இருந்தாலும் தடித்ததுதான் லாபம்.

எங்கே போடப் போகிறீர்கள்?

இதைத் தீர்மானித்தால் பாதி முடிவு வந்துவிடும். காதில் போடும் வளையம், சின்னத் தோடு இவற்றுக்கு நான் யோசிக்காமல் ஃபில்டு வாங்குவேன். காது எதிலும் உரசுவதில்லை. கவரிங் தோடு போட்டால் காது அரித்துச் சீழ் பிடிக்கும் என்கிறவர்களில் பலருக்கு எதிரி நிக்கல்தான். ஃபில்டில் உடம்பில் படுவது தங்கக் கலவை, உள்ளே வழக்கமாகச் செம்பும் துத்தநாகமும். ஆனால் கம்பியை வெட்டிய நுனியில் பித்தளை தெரியும் என்பதால், புதிதாகக் காது குத்திய குழந்தைக்கு வேண்டாம். புண் ஆறும்வரை நல்ல தங்கம்தான்.

கழுத்துச் சங்கிலிக்கும் சரி. கொக்கி இருக்கும் இடமும், தொங்கல் ஊசலாடும் இடமும்தான் முதலில் தேயும். கனமான டாலரை மெல்லிய ஃபில்டு சங்கிலியில் கோத்தால் அந்த இடம் அறுத்ததுபோல ஆகிவிடும்.

வளையல் என்றால் கொஞ்சம் யோசிப்பேன். நாள் முழுக்க மேஜையில் கை வைத்துத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரே பக்கம் தேயும். கைநிறையப் போட்டால் ஒன்றோடொன்று உரசும். மோதிரம் வேண்டவே வேண்டாம். பாத்திரம், பஸ் கம்பி, சாவி, வண்டிப் பிடி என்று மோதிரம் படாத இடமில்லை. அளவு சரியில்லை என்று பத்தரிடம் கொடுத்தால் வெட்டி ஒட்டும் இடத்தில் பித்தளை தெரியும். மெட்டிக்கும் இதே கதை.

தாலிச் சங்கிலி? பயணத்துக்கு, கூட்டத்துக்கு, பறிப்புப் பயத்துக்கு மாற்றாகப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அதற்குக் கவரிங்கே நன்றாக இருக்கும். ஏன் என்பது அடுத்த விஷயம்.

நிறம்

நம் கண் 22 கேரட்டுக்குப் பழகியது. 14 கேரட் அதன் பக்கத்தில் வெளிறித் தெரியும். என் சங்கிலியைப் பார்த்து மாமிக்குச் சந்தேகம் வந்ததே இதனால்தான். முலாம் போடுகிறவர்கள் நம் நிறத்துக்கே மஞ்சளாக ஏற்றிக் கொடுப்பார்கள், அதனால் கவரிங் அசல் 916 போலவே இருக்கும். ஃபில்டுக்கு அது முடியாது. வீட்டில் இருக்கும் ஒரு 22 கேரட் நகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்த வெளிறல் உறுத்தவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள். சுடிதார், சட்டைக்கு எனக்கு அந்த நிறம் பிடித்திருக்கிறது. பட்டுப்புடவைக்குச் சோகையாக இருக்கிறது.

இப்போது பணக் கணக்கு

சேமிப்பு என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். என் சங்கிலி 6 கிராம். அதில் 5 சதவீதம் என்றால் 0.3 கிராம் 14 கேரட். அதில் சுத்தத் தங்கம் சுமார் 0.175 கிராம். கணக்குக்கு வசதியாக 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சுத்தத் தங்க மதிப்பு 1,900 ரூபாய்போல வரும். ஆனால் அது காகிதத்தில். பித்தளையிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிற செலவு அதைச் சாப்பிட்டுவிடும். அடகுக்கடையில் எடுக்க மாட்டார்கள், நகைக்கடையில் பழைய நகைக்கு மாற்ற மாட்டார்கள். அமெரிக்காவில் உருக்குபவர்கள் மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்தால் வாங்குவார்கள், ஒற்றைச் சங்கிலிக்கு யாரும் வர மாட்டார்கள். ஆக, செருப்பு, கைக்கடிகாரம் மாதிரி இதுவும் ஒரு பயன்படுத்தும் பொருள். மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் பார்த்தேன். 60 டாலரை 5,000 ரூபாய் என்று வையுங்கள். ஆறு வருடம், 72 மாதம். மாதம் 70 ரூபாய். அதற்கு முன் நான் போட்டது 600 ரூபாய் கவரிங் சங்கிலி. வியர்வை அதிகமாக வரும் உடம்பு எனக்கு, எட்டு மாதம் தாங்கும். மாதம் 75. இரண்டும் ஒன்றேதான் என்று தெரிந்தபோது எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. பணத்தில் மிச்சமில்லை. எட்டு மாதத்துக்கு ஒருமுறை கழுத்தில் கறுப்புக் கோடு விழுவதும், பாலிஷ் போடக் கடைக்கு அலைவதும் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

முழுத் தங்கத்தையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு பவுன் சங்கிலி, அதே 10,000 விலையில் 80,000. செய்கூலி சேதாரம் 12 சதவீதம் என்றால் 89,600. ஜிஎஸ்டி 3 சதவீதம் சேர்த்து 92,288. தங்க விலை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்று வைத்தால், விற்கும்போது போவது சுமார் 12,300. கடைக்காரர் கழிக்கிறதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் போட்டால் மாதம் 51 ரூபாய். ஆச்சரியமாக இருந்தாலும் கணக்கில் தங்கம்தான் மலிவு. அதற்கு 92,000 ரூபாயைக் கழுத்தில் தொங்கவிட்டு, இருட்டிய பிறகு பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டும். அந்தப் பயத்துக்கு என்ன விலை என்று நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நடுவில் இன்னொரு வழி 2025 ஜூலையிலிருந்து இருக்கிறது. 9 கேரட்டையும் ஹால்மார்க் வரிசையில் சேர்த்துவிட்டார்கள், 375 என்று முத்திரை இருக்கும். முழுக்க ஒரே உலோகம், தேய்ந்தாலும் அடி தெரியாது, விற்றால் உரிய தங்கத்துக்குக் காசு வரும். மோதிரம் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் ஃபில்டைவிட இதைத்தான் சொல்வேன்.

ஆக, 500 ரூபாய்க் கவரிங் ஒரு வருடம் தாங்குகிற உடம்பாக இருந்தால் உங்களுக்கு ஃபில்டு அவசியமே இல்லை. கவரிங் சீக்கிரம் கறுக்கிறது, அரிக்கிறது, ஆனால் முழுத் தங்கம் போட்டு வெளியே போக முடியாது என்கிறவர்களுக்குத்தான் இது.

சந்தேகம் வந்தால்

எங்கள் பத்தரிடம் சங்கிலியைக் காட்டியபோது அவர் உரைகல்லில் லேசாகத் தேய்த்து ஆசிட் வைத்தார். கோடு உடனே கலையவில்லை. "தங்கம் மாதிரிதான் நிக்குது" என்றவர், ஒரு கண்ணியை அரத்தால் ஆழமாக ஒரு இழுப்பு இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு விட்டார். சட்டென்று பச்சையாக நுரைத்தது. "பாத்தீங்களா, உள்ளே பித்தளை." கடைகளில் இருக்கும் கேரட் மீட்டரும் மேல்பரப்பைத்தான் பார்க்கும், தடித்த ஃபில்டு அதைக்கூடக் குழப்பிவிடும். பழைய ஃபில்டு நகையைத் தங்கம் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் அரம் வைக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நகையைக் காயப்படுத்தாமல் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். சங்கிலியை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் சங்கிலியின் எடையை வகுத்தால் அடர்த்தி. என் 6 கிராம் சங்கிலி 0.69 காட்டியது, வகுத்தால் 8.7. முழு 14 கேரட்டாக இருந்தால் 0.46 காட்டியிருக்கும், 22 கேரட் என்றால் 0.34. தங்கமா இல்லையா என்று இது சொல்லும். கவரிங்கா ஃபில்டா என்று சொல்லாது, இரண்டின் வயிறும் ஒன்றுதானே.

வாங்கிய பிறகு

குளிக்கலாம், வியர்க்கலாம். நீச்சல் குளத்துக்கு மட்டும் கழற்றிவிடுங்கள், குளோரின் ஆகாது. 14 கேரட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் செம்பும் வெள்ளியும் இருப்பதால் சில மாதத்தில் லேசாக மங்கும். தங்கத் தோல் போனதாக அர்த்தமில்லை. பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரிலோ, சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரிலோ பத்து நிமிடம் போட்டு, குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷால் தடவினால் போதும். புளி, விபூதி, பற்பசை எதையும் தேய்க்காதீர்கள், தங்கத் தோலைத்தான் தேய்ப்பீர்கள். கடையில் பாலிஷ் போடக் கொடுப்பதும் அப்படித்தான். மெஷினில் பிடித்தால் நாலு மைக்ரானில் என்ன மிஞ்சும்?

சென்ற மாதம் என் சங்கிலியில், கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணியில் சிவந்த ஒரு புள்ளி தெரிந்தது. பத்தரிடம் கொண்டுபோனேன். தேய்ந்த இரண்டு கண்ணியை வெட்டி எடுத்து, அக்கா அனுப்பிவைத்த புது ஃபில்டு கொக்கியைப் பற்றவைக்காமல் வளையத்தாலேயே மாட்டிக் கொடுத்தார். 50 ரூபாய் வாங்கினார். சங்கிலி அரை விரற்கடை குறைந்திருக்கிறது. மாமி இன்னும் அதைக் கவரிங் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.